பதினான்கு கிலோமீட்டருக்குள்

மார்ச் 4

ஆபீஸ் பதிவேட்டில் காற்றின் வேகம், மின்னழுத்தம், வெப்பநிலை தவிர வேறெதையும் எழுத இடமில்லை. அதனால் இந்த நோட்டு. சிப்பிமுனைக் கடைவீதியில் வாங்கினேன். அட்டையில் ஒரு அசட்டு ரோஜாப்பூ. கடைக்காரர் வேறு அட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்.

மூடிக் கிடக்கும் ஐஸ் ஆலையின் மொட்டை மாடியில் ரேடாரை ஏற்றியாகிவிட்டது. வரிசையாகப் பதினாறு ஆன்டெனாத் தகடுகள், கடலைப் பார்த்தபடி. கீழ் அறையில் கணினியும் என் நாற்காலியும். ஊரில் எல்லோருக்கும் நான் என்ஜினீயரம்மா. கோகிலவாணி என்ற பெயரை யாரும் கேட்கவில்லை.

இன்றும் ரகோத்தமனோடு சண்டை. நானும் அவரும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே சண்டையைத்தான் போடுகிறோம். அவர் ஃபேஸ்டு அரே கட்சி. பதினாறு ஆன்டெனாவும் ஒரே சமிக்ஞையை ஒரே திசைக்கு அனுப்பவேண்டும் என்பார். பதினாறு பேர் சேர்ந்து ஒரு பக்கம் பார்த்துக் கூப்பிடுவதுபோல. தூரத்துக்குக் கேட்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திசைதான். கற்றை சுற்றி வருவதற்குள் மறுபக்கம் என்ன நடந்தது என்று தெரியாது. நான் மைமோ கட்சி. ஒவ்வொரு ஆன்டெனாவும் தனக்கென ஒரு சமிக்ஞையை எல்லாப் பக்கமும் அனுப்பும். திரும்பி வருவதைப் பிரித்துக் கணக்குப் போட்டால், பதினாறு ஆன்டெனா இருநூற்றைம்பத்தாறைப் போல வேலை செய்யும். ஒட்டிப் போகும் இரண்டு படகுகளை இரண்டாகவே காட்டும். ஒரே குறை, ஒவ்வொரு குரலும் மெலிசு. அதை ஈடுகட்டப் பல நொடிகள் உற்றுப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"நிக்கிற சாமானுக்கு உங்க கணக்கு சரிங்க கோகிலா. கடல்ல எதுங்க நிக்குது?" என்றார்.

நான் முகத்துவாரத்தைக் காட்டினேன். ஆறு கடலில் சேரும் அந்தக் குறுகிய வாயில் மணல் மேடிட்டு அலை உடைகிறது. போன வருடம் மூடுபனியில் படகோடு படகு மோதி அங்கே ஆறு பேர் செத்திருக்கிறார்கள். இருபது மீட்டர் இடைவெளியில் வரும் இரண்டு படகை அவருடைய கற்றை ஒரே புள்ளியாகத்தான் காட்டும். மீன்வளத் துறை அதே ரேடாரில் தூரத்துப் படகுகளும் தெரியவேண்டும் என்று கேட்டிருக்கிறது. தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9

முதல் சோதனை. தஸ்நேவிஸ் அண்ணனின் ஃபைபர் படகை அமர்த்தியிருக்கிறோம். ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். அவரும் தம்பி இன்னாசியும் படகை ஓட்ட, ரகோத்தமன் ஜிபிஎஸ் கருவியோடு ஏறிக்கொண்டார். திரையில் நான்.

கிளம்பும் நேரத்தில் ஒரு கூத்து. தஸ்நேவிஸ் அண்ணனின் மனைவி கித்தேரி அக்கா, இரண்டு பெண்கள் கைகொடுக்க, கோயில் அசன விருந்துக்குச் சமைக்கும் அலுமினிய அண்டாவைச் சுமந்துகொண்டு வந்தார். உள்ளே சோறும் சூரை மீன் குழம்பும். மூன்று பேருக்கு எதற்கு இத்தனை என்றேன்.

"ஊர் வேலையாப் போற போட்டு தூக்குச்சட்டியோட போவக் கூடாதும்மா. எதிர்ல வாற போட்டுக்காரன் பசியா இருப்பான். அவனுக்கும் குடுத்துட்டுத்தான் திரும்பணும். அதாக்கும் எங்க ஊர் வழக்கம்."

அண்டாவைப் படகின் நடுப்பலகையில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். வெயிலில் அதன் பளபளப்பு கரையிலிருந்த என் கண்ணைக் கூசவைத்தது.

பதினாலு புள்ளி இரண்டு கிலோமீட்டர் வரை படகு அட்சரசுத்தமாகத் தெரிந்தது. நானே ஒன்பதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ரகோத்தமன் வாந்தி எடுத்து முகம் வெளிறித் திரும்பி வந்தார். எண்ணைக் காட்டினேன். இன்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

மார்ச் 10

மறுபடி பதினாலு. கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி.

மார்ச் 20

பதினொரு நாள், பதினொரு சோதனை. எல்லாமே பதினாலை ஒட்டியே வந்தன. தினமும் அண்டாச் சோறு வேறு. இரண்டு கிலோ ஏறியிருப்பேன்.

ரகோத்தமன், மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் ஜூலையில் இன்னொரு முறை சோதிக்கலாம் என்றார். மார்ச் கடைசிக்குள் அறிக்கை கேட்கிறார்கள், ஜூலைக்கு எங்கே போவது? அப்படியானால் "அமைதியான கடலில்" என்றாவது போடுங்கள் என்றார். போட்டேன். அட்டவணையில் அந்த வரி மட்டும் இரண்டாக மடிந்து அசிங்கமாக நின்றது. எடுத்துவிட்டேன். கண்டறியும் தூரம்: ஃபைபர் படகு, 14 கி.மீ. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

இன்று ரேடார் தின்ற சோற்றுக்கு வேலை செய்தது. காலை மூடுபனியில் முகத்துவாரத்துக்குள் எதிரெதிராக இரண்டு படகுகள். திரையில் தனித்தனியாக, நெருங்கி நெருங்கி வந்தன. வாக்கி டாக்கியில் கத்தினேன். ஒன்று ஒதுங்கி மணலில் ஏறிவிட்டது, அவ்வளவுதான். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் மிக்கேல் மாடிப்படி ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது ஆள், அழுதுவிட்டார். நானும் அழுதேன். ரகோத்தமன் சென்னைக்குக் கிளம்பும்போது, "அந்த ஆத்து வாய்க்கு உங்க முறைதான் சரி. ஒத்துக்கிறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது பன்னிரண்டு வருடத்தில் இதுவே முதல் தடவை.

மே 15

துணி துவைத்தேன். காயப்போட்ட இடத்திலேயே உப்புப் பூத்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொன்னால் கேஸ் சிலிண்டர்காரன் போனை வைத்துவிடுகிறான்.

ஜூன் 11

காற்று பிடித்துவிட்டது. திருகாணி எல்லாம் துரு.

இதே பதினாறு தகடுகளை ரகோத்தமன் சொல்கிறபடி சேர்ந்து ஒரே கற்றையாகக் கூப்பிடவும் வைக்கலாம். மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு தகட்டின் தாமதத்தையும் அளந்து சமன் செய்யவேண்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாளும் முகத்துவாரம் குருடு. இந்தக் காற்றில் அந்த வாயைக் கண்காணிக்காமல் விடுவதா? அடுத்த மாதம் பார்க்கலாம்.

இன்னொன்று கவனித்தேன். ஊர்க்காரர்கள் எட்டு கிலோமீட்டருக்கு மேல் தொழிலுக்குப் போவதில்லை போலிருக்கிறது. திரையில் அதற்கு அப்பால் காலியாகவே இருக்கிறது. காற்றுக்குப் பயந்து கரையோரமாகவே நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூலை 3

தலைவலி. தகடு எண் 7 சூடாகிறது. சமன் செய்யும் வேலையைத் தள்ளிப்போட்டேன்.

ஜூலை 22

தஸ்நேவிஸ் அண்ணனும் இன்னாசியும் நேற்று விடியற்காலை போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

காலை ஏழு மணிக்கு மிக்கேல் வந்து சொன்னார். நேற்றைய பதிவை ஓட்டிப் பார்த்தேன். முகத்துவாரத்தைத் தாண்டி ஏழரை கிலோமீட்டர் வரை போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பத்து மணிக்குத் தேடுதல் அதிகாரி போனில் கேட்டார்.

"மேடம், உங்க ரேடார்ல தெரியுதா?"

"தெரியல சார். பதினாலுக்குள்ள அந்தப் போட்டு இல்ல."

"உறுதியாச் சொல்றீங்களா? உள்ள இல்லன்னா நான் கப்பலை வெளிய அனுப்பணும். இருக்கிறது ஒண்ணுதான்."

"வேற போட்டுன்னா யோசிப்பேன் சார். இதே போட்டை மார்ச்ல பதினோரு தடவை பதினாலு வரைக்கும் பாத்திருக்கேன்."

கப்பல் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தென்கிழக்கே போயிற்று. ஊர்ப் படகுகளும் என் வார்த்தையைக் கேட்டு வெளியே போய்விட்டன. உள்ளே வீணாகச் சுற்றி டீசல் தீர்க்காமல் இருக்க உதவினோம் என்று ஒரு திருப்தி.

ஜூலை 23

ஒன்றும் கிடைக்கவில்லை. மதியம் கித்தேரி அக்கா அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் பெட்டியில எங்க போட்டு எப்படித் தெரியும்மா?"

மார்ச் மாதப் பதிவை எடுத்துக் காட்டினேன். பச்சைப் புள்ளி ஒன்று பதினாலு வரை நகர்ந்து போய்த் திரும்பி வந்தது. அக்கா விரலால் அதைத் தொட்டார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. அழவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

சாயங்காலம் ரகோத்தமனை அழைத்தேன்.

"மார்ச்ல கடல் தூங்கிட்டிருந்துச்சு. நீங்க நாலு நொடியைச் சேத்துக் கணக்குப் போடுறீங்க. இந்தக் காத்துல நாலு நொடிக்குள்ள அந்தப் போட்டு எத்தனை தரம் சாயும்? சேத்தா எதிரொலி கூடாதுங்க, ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும்."

"அதனால தூரம் கொஞ்சம் குறையலாம். பாதியாவா ஆகும்?"

"பாதியா ஆகாது. ஆனா மார்ச்ல அந்தப் பதினாலே எனக்குச் சந்தேகம்தான். ஃபைபர் வெறும் பிளாஸ்டிக். எதுல பட்டுத் திரும்பிச்சு அவ்வளவு? போட்டுல வேற என்ன இருந்துச்சு?"

"என்ஜின், நீங்க, ஜிபிஎஸ், கயிறு, நங்கூரம்."

"எனக்கு வாந்திதான் ஞாபகம் இருக்கு. யோசிங்க. எதுக்கும் கற்றையைச் சேத்து ஒரு தரம் பாத்துடுங்களேன்."

சமன் செய்யவில்லை என்றேன். "சரி, செய்ங்க" என்றார்.

ஜூலை 24

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதுக்கு மிக்கேல் கடலிலிருந்து வாக்கி டாக்கியில் பேசினார். டீசல் நிரப்பத் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கே வருகிறீர்கள் என்றேன். கரை ஒம்பது கிலோமீட்டர், ஜிபிஎஸ் சொல்லுது என்றார். திரையில் ஒன்பதில் யாருமில்லை. பத்து நிமிடம் கழித்து, ஏழரையில், ஒரு புள்ளி திடீரென்று முளைத்தது.

நான் கீழே இறங்கிக் கோயில் பக்கம் நடந்தேன். ஏன் நடந்தேன் என்று தெரியவில்லை. தேடப் போகிறவர்களுக்குப் பெண்கள் கோயில் வளாகத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த அண்டா அடுப்பின் மேல் இருந்தது. பக்கவாட்டில் நேர்ச்சுவர் மாதிரி எழும்பிய அலுமினியம். எந்தத் திசைக்குத் திருப்பினாலும் ரேடாருக்கு ஒரு முகம் காட்டும். மார்ச்சில் பதினொரு நாள் நான் பார்த்தது படகை அல்ல, இந்த அண்டாவை.

நாலாம் படிமூலக் கணக்கு. எதிரொலி பதினைந்து மடங்கு குறைந்தால் தூரம் பாதி. பதினாலு ஏழாகும். எல்லாம் பொருந்திவிட்டது.

ஆனால் இது என் ஊகம்தானே. உறுதியாகத் தெரியாமல், மூன்றாம் நாள் தேடுதலின் நடுவில், ஒரு கப்பலையும் முப்பது படகையும் திரும்பி வா என்று சொல்ல முடியுமா? முதலில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. அதனால் கற்றையைச் சமன் செய்ய உட்கார்ந்தேன். தெரிந்த இடத்தில் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். பதினோரு மணிக்குக் கித்தேரி அக்காவிடம் கேட்டேன். கஞ்சியை வேறு பானைகளுக்கு மாற்றிவிட்டு, எதற்கு என்றுகூடக் கேட்காமல் அண்டாவைக் கொடுத்தார். அலைத்தடுப்புச் சுவரின் முனையில் அதை நிற்கவைத்து, பதினாறு தகடுகளையும் ஒவ்வொன்றாக அளந்தேன். எண் 7 இரண்டு முறை தவறிற்று. மூன்று மணி ஆகிவிட்டது.

அப்புறம் எங்கே பார்ப்பது என்ற கேள்வி. கற்றைக்குத் திசை சொல்லவேண்டும். மிக்கேலைக் கூப்பிட்டேன்.

"போட்டு செத்து மெதந்தா நீவாடு, அந்தக் கடலோட்டம், வடகிழக்கால இழுக்கும்மா. காத்து கரைக்குத் தள்ளாது. மணல்தீவுக்கு வெளிய பாருங்க."

பார்த்தேன். பதினொன்றரை கிலோமீட்டரில், அலை உச்சிக்கு வரும்போது மட்டும், ஒரு மங்கல் புள்ளி. இருந்தது, போனது, திரும்ப இருந்தது. மூன்றரைக்கு அதிகாரியை அழைத்தேன். ஐந்து நாற்பதுக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் நிறைந்து முக்கால்வாசி மூழ்கிய படகு, என்ஜின் தலை மட்டும் வெளியே. இன்னாசி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது.

தஸ்நேவிஸ் அண்ணன் இல்லை.

ஜூலை 25

ஊரே வந்து கும்பிடுகிறது. ஒரு உயிரையாவது காப்பாத்திக் குடுத்தியளே என்கிறார்கள். கம்பெனியிலிருந்து பாராட்டு மின்னஞ்சல். "இரண்டு முறைகளையும் ஒரே கருவியில் இணைத்த நம் பொறியாளரின் சமயோசிதம்" என்று தலைப்பு வைத்துப் பத்திரிகைக் குறிப்பு தயாரிக்கிறார்களாம்.

சாப்பிட முடியவில்லை.

ஜூலை 27

இன்னாசியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மிக்கேலும் கூட இருந்தார். உதடெல்லாம் வெடித்து, கண் திறக்க முடியாமல் கிடந்தான். நாற்பது வயது ஆள் பத்து வயது கூடின மாதிரி இருந்தான். கேட்காமலே பேசினான்.

"மொத நாளே ஒரு பெரிய கோரு அலை உள்ள வுழுந்துட்டு. என்ஜினு நின்னுட்டு. ரெண்டு பேருமா புடிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அண்ணன்தான் பேசிக்கிட்டே வந்தாரு. பெட்டி நம்மளப் பாத்துக்கிட்டு இருக்குலே, பதினாலு வரைக்கும் தெரியும்லே, இந்தா வந்துருவாவ, கைய வுட்றாதன்னு. மூணு நாளும் அதத்தான் சொன்னாரு."

மிக்கேல் கேட்டார்: "எப்பலே வுட்டான்?"

"இன்னைக்கு மூணு நாளுக்கு முந்தி. கப்பல் வந்த அன்னைக்குத்தான் மாமா. சூரியன் உச்சிக்கு நேரா இருந்துச்சு. கரையில பன்னெண்டு மணிக் கோயில் மணி அடிச்சிருப்பாவ, சோறு தின்னப் போயிருப்பாவன்னு சொன்னாரு. அப்பொறம் கை தானா வழுகிட்டு."

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மிக்கேல் சோடா வாங்கித் தந்தார். வெயில் ஒத்துக்கிடலையாம்மா என்றார்.

ஜூலை 28

ஒன்பது மணிக்குத் தெரிந்தது. கப்பல் வர இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்தது. திசை தெரியாமல் தேடியிருந்தால் இன்னும் ஒரு மணி கூட்டிக்கொள்ளலாம். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. ஒன்பதுக்கே சொல்லியிருந்தால் என்று இந்தக் கணக்கை நேற்றிலிருந்து எத்தனை தரம் போட்டேன் என்று தெரியவில்லை.

24ஆம் தேதி எழுதியதை இப்போது வாசித்தேன். "உறுதியாகத் தெரியாமல்" என்று எழுதியிருக்கிறேன். ஏழரையில் அந்தப் புள்ளி முளைத்தபோதே எனக்கு உறுதியாகத் தெரியும். பயந்தேன். அவ்வளவுதான். பதினாலு என்று நான் கையெழுத்திட்டது பொய் என்று, அந்த அதிகாரியிடம், என் வாயால் சொல்லப் பயந்தேன். படகைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் தப்புச் சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். அதற்காக ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஜூலை 30

மதியம் கித்தேரி அக்கா வந்தார். வெள்ளைச் சேலை. நாற்காலியில் உட்காரவில்லை.

"ஒரு வெவரம் கேக்கணும். உச்சியிலதான் அவிய கைய வுட்டாவன்னு இன்னாசி சொல்லுதான். நீங்க எப்பக் கண்டிய?"

"மூணரைக்கு அக்கா."

"மூணரைக்குக் கண்டிய, சரி. பதினோரு மணிக்கு அண்டாவ வாங்கிட்டுப் போனிய. அது எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் மாதத்து அண்டா, பதினாலு, ஏழரை, மிக்கேலின் குரல், ஒன்பது மணி. ரேடார் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தடுமாறவில்லை. மிகச் சுலபமாகப் புரிந்துகொண்டார்.

"அப்போ நான் சோறு போட்டதுதான் குத்தமா?"

"இல்லக்கா. நான் பாக்காம எழுதினதுதான்."

"ஒம்பது மணிக்குத் தெரியும்."

"ஆமா."

"ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு." விரலை மடக்கி எண்ணினார். "பன்னெண்டு வரைக்கும் எம்புருசன் இருந்தாவ."

"ஆமாக்கா."

"ஒம்பதுக்கே சொல்லியிருந்தியன்னா வந்திருப்பாவளா?"

தெரியாது என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை. "வந்திருப்பாங்க" என்றேன்.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். அவர் வாயிலிருந்து வந்தது அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்கள நான் மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

துறைக்கு அனுப்பவேண்டிய சம்பவ அறிக்கை மேசையில் இருக்கிறது. "கருவியின் குறைபாடு தெரியவந்த நேரம்" என்று ஒரு கட்டம். அதில் 09:00 என்று எழுதி, இந்த நோட்டின் நகலையும் வைத்து அனுப்பிவிடுவேன். வேலை போகும், கேஸ் வரும், வரட்டும். இந்த வாரத்தில் முதல்முறையாகத் தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 1

ரகோத்தமனிடம் போனில் சொன்னேன். முழுதும் கேட்டார். "தூரத்தை மட்டும் திருத்தி அனுப்புங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருது கோகிலா. சொல்லக் கூடாது இல்லையா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு அறிக்கையை முடித்துக் கையெழுத்துக்கு வைத்திருந்தபோது கித்தேரி அக்கா திரும்ப வந்தார். இன்றும் உட்காரவில்லை.

"அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்கிய?"

வாசித்துக் காட்டினேன். தூரம்: பதினாலு அல்ல, ஏழரை. நேரம்: காலை ஒன்பது.

"நேத்து மிக்கேல் மாமாட்ட சும்மா கேக்குற மாதிரிக் கேட்டேன். ஆளு செத்த காரியத்துல மெஷின் ஆளு மறைச்சான்னு கேஸ் வந்தா என்ன செய்வாவன்னு. மெஷினுக்கு சீல் வச்சிருவாவளாம். தீர்ப்பு வார வரைக்கும் தொடக் கூடாதாம். மூணு வருசம், நாலு வருசம் ஆவுமாம். அப்பிடியா?"

அப்படி நடக்கலாம் என்றேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"மூணு வருசத்துக்கு வாய்க்குப் பெட்டி கெடையாது."

நான் அறிக்கைத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"மார்கழி வந்தா பனி எறங்கும். ஊருல அம்பது போட்டு அந்த வாய் வழியாத்தான் போயிட்டு வரணும். இன்னாசி எழுந்திரிச்சதும் அவனும் அந்த வாய் வழியாத்தான் போவணும், வேற தொழில் அவனுக்குத் தெரியாது. தூரத்த மாத்தி எழுதினது இருக்கட்டும். ஏழுக்கு மேல பெட்டிக்குக் கண்ணு தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் நீங்களே சொல்லுங்க, எவனும் இனிமே அத நம்பிக் கெடக்கக் கூடாது. மணிய மட்டும் மாத்துங்க."

"அக்கா, என்னால அது முடியாது. அத வெளிய சொல்லாம என்னால இருக்க முடியாது."

"உங்களால முடியுமான்னு நான் கேக்க வரல."

கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தண்டனை கொடுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா ஜன்னல் வழியாக முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு மேசையிலிருந்த பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அறிக்கையோடு வைத்திருந்த நோட்டு நகலை உருவிவிட்டு, நேரம் என்ற கட்டத்தில் இருந்ததை அழித்து 15:30 என்று எழுதினேன். அக்கா குனிந்து, எழுத்துக் கூட்டுவதைப் போல அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையெழுத்தும் போடுங்க என்றார். போட்டேன்.